மேற்குப் பகுதிக்கு ஒரு கப்பல்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் எங்கள் கடலாய்வு நிலையத்தின் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, எங்கள் கேப்டன் அவர்களே, கப்பல் தோழர்களே, அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கும் அலுவலக நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்தே பேசி முடித்துவிட்டார்கள். ஆகவே என் பங்கில் நேரமே மிச்சமில்லை. இல்லாத நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். தலைவர் அவர்கள் தாராளமாக மணி அடிக்கட்டும். நான் இருபது ஆண்டுகளாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் கேட்கும் சத்தத்தைக் கவனிக்கிறவன். வேண்டாத சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

நண்பர்களே! எங்கள் கணக்கெடுப்புக் குழுவின் தலைவர், முனைவர் பட்டம் பெற்ற பேரறிஞர், கப்பலில் அத்தனை பேராலும் "கோட்டம்மா" என்று அழைக்கப்பட்ட அம்மையார் நம்மை விட்டுப் போய்விட்டார். நான் அழுதுகொண்டே பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டில் அழுதுவிட்டுத்தான் வந்தேன். இங்கே வந்து உட்கார்ந்த பிறகு அழுகை நின்றுவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆத்திரமாக வருகிறது.

முதலில் எனக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பேனரைப் பாருங்கள். அம்மையார் சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு திமிங்கலத்தின் வால் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அழகான வால்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கூன்முதுகுத் திமிங்கலத்தின் வால்! ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி, அடியில் வெள்ளைத் திட்டு. அவர் வாழ்நாள் முழுக்கக் கணக்கெடுத்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தை. அதன் வால் முழுக்கக் கறுப்பு, ஓரம் வழுவழு என்று நேராக இருக்கும். ஓர் ஆய்வு நிலையம், தன்னுடைய தலைசிறந்த ஆய்வாளருக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறது. பேனரில் வேறொரு விலங்கு! அவர் இருந்திருந்தால் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றியிருப்பார்.

அடுத்து, எனக்கு முன்னால் பேசிய பெரியவர் ஒருவர், "திமிங்கலங்களைத் தேடித் தேடிப் போனவர்" என்று அவரைப் புகழ்ந்தார். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி ஐயா. ஆனால் அவர் திமிங்கலத்தைத் தேடி ஒரு நாளும் போனதில்லை. தேடிப் போகக் கூடாது என்பதுதான் அவர் எங்களோடு போட்ட சண்டை முழுவதும்.

இதைப் புரியாமல் அந்த அம்மையாரைப் புரிந்துகொள்ள முடியாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு கடலில் எத்தனை திமிங்கலம் இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருக்கிற இடமாகப் பார்த்துப் போய் எண்ணினால் போதாதா? புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். நானும் கேட்டேன். அவர் சொன்னார்:

"இந்த ஊர்ல எத்தனை காக்கா இருக்குன்னு எண்ணச் சொன்னா, மீன் கடை வாசல்ல போய் நின்னு எண்ணுவீங்களா? அப்படி எண்ணினா ஊரு பூரா காக்காதான்னு ஆயிடும்."

அதனால் கரையிலேயே வரைபடத்தில் கோடு போட்டுவிடுவார். எங்கிருந்து தொடங்குவது என்பதைக்கூடத் தன் இஷ்டத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப்போட்டுத்தான் முடிவு செய்வார். அந்தக் கோட்டில் கப்பல் நேராகப் போக வேண்டும். வழியில் தென்படுவதை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு பட்டாளமே துள்ளினாலும் கோட்டை விட்டு விலகி ஓடக் கூடாது. கோட்டம்மா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவர் காதில் விழாமல் சொல்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவரே கேப்டனிடம், "கோட்டம்மா வந்திருக்கேன், வண்டியை எடுங்க" என்றார். அதற்குப் பிறகு நேராகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தோம்.

அதிலும் இந்த ஸ்பெர்ம் திமிங்கலம் இருக்கிறதே, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதான். கப்பலில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் "பெருந்தலை". மேடையில் இருப்பவர்கள் தப்பாக நினைக்க வேண்டாம், இது திமிங்கலத்துக்கு மட்டும் வைத்த பெயர். அது மேலே வந்து சற்று நேரம் மூச்சு விடும். பிறகு உள்ளே போனால் முக்கால் மணி நேரம் ஆள் அரவமே இருக்காது. அதற்குள் நம் கப்பல் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும். கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பினால் பாதியைக் கோட்டை விட்டுவிடுவோம். அதனால்தான் கப்பலுக்குப் பின்னால் நீண்ட கம்பியில் ஒலிவாங்கியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். பெருந்தலை இரை தேடும்போது டக், டக், டக் என்று விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்பது என் வேலை.

கண்ணால் பார்க்கிறவர்களையும் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுவார். மேல்தளத்தில் ஒரு குழு, கீழ்த்தளத்தில் ஒரு குழு. நடுவில் தார்ப்பாய்த் திரை. ஒருவர் பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. மேலே இருப்பவர் பார்த்ததைக் கீழே இருப்பவர் தவறவிட்டாரா, எத்தனை முறை தவறவிட்டார் என்பதை வைத்துத்தான் எல்லோருமே தவறவிட்டவை எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவார். நாம் எவ்வளவு குருடு என்பதையும் அளக்க வேண்டும் என்று நினைத்த மனுஷி அவர். நம் அலுவலகங்களில் அந்த அளவுகோலை வைத்தால் என்ன ஆகும்! வேண்டாம், அந்தப் பேச்சை விடுகிறேன்.

ஒரு தடவை எங்கள் சமையல்காரர் அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"மேடம், மேடம்! பெரிசு ஒண்ணு! கைக்கெட்டற தூரத்துல!"

அம்மையார் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தாத குறைதான். "சத்தம் போடாதீங்க அண்ணே. மேல இருக்கறவங்க அந்தப் பக்கம் திரும்பிடுவாங்க. நீங்க பாத்தது கணக்குல சேராது."

"அப்ப நான் பாத்தது திமிங்கலம் இல்லையா?"

"திமிங்கலம்தான் அண்ணே. ஆனா நீங்க கணக்குல இல்லை."

அவ்வளவுதான். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அம்மையார் தட்டை வழித்துக் காலி செய்தார். சாப்பிட்டு முடித்து அடுப்படிக்குள் போய், "அந்தப் பெரிசு எப்படி இருந்துச்சுன்னு இப்ப சொல்லுங்க அண்ணே" என்று உட்கார்ந்துகொண்டார். அண்ணன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். இயக்குநர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐயாவின் விருந்தினர்கள் சிலர் கப்பலுக்கு வந்திருந்தார்கள். பெரிய மனிதர்கள். திமிங்கலம் காட்டுகிறோம் என்று ஐயா வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்திருந்தார். வலப்பக்கம் தூரத்தில் ஒரு கூட்டமே தட்டுவது எனக்குக் கேட்கிறது. திருப்பினால் போய்ப் பார்த்துவிடலாம். கோட்டம்மா அசையவில்லை. கோடு முடியட்டும், பிறகு திருப்பலாம் என்கிறார். ஐயா பொறுமையிழந்து கேட்டார்:

"ஒரே ஒரு தடவை திருப்பினா என்ன, குடியா முழுகிடும்?"

"கணக்கு முழுகிடும் சார்."

கோடு முடிவதற்குள் அந்தக் கூட்டம் போய்விட்டது. விருந்தினர்கள் வாந்தி எடுத்ததோடு கரைக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு எங்கள் குழுவுக்குக் கப்பல் நாட்கள் குறைந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் பார்க்காததைச் சொல்ல மாட்டேன். அது அவர் கற்றுத் தந்த ஒழுக்கம்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியம். எங்கள் கடலை நான்கு பகுதியாகப் பிரித்தோம். கிழக்கே நிறைய இருந்தன. தெற்கே ஓரளவு இருந்தன. வடக்கே வாரக்கணக்காகப் போனோம், வந்தோம். கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. கடைசிக் கோடு முடிந்த அன்று எல்லோர் முகமும் செத்துப்போய் இருந்தது. பார்வைக் குழுவிலிருந்த ஒருவர், "மேடம், ஒண்ணுமே இல்லையே, எல்லாம் வீணாப் போச்சே" என்றார். கோட்டம்மா அன்றைக்குத் தன் கையால் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

"வீண் எப்படி ஆகும்? இங்க இல்லைன்னு இப்ப நமக்குத் தெரியும். போன மாசம் தெரியாது. நல்ல வேலை பாத்திருக்கீங்க, டீயைக் குடிங்க."

மீதி இருந்தது மேற்குப் பகுதி. கிளம்பிப் பாதி வழியில் இருக்கிறோம், கப்பலைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். எதற்கு? புயலுக்கா? விபத்துக்கா? துறைமுகத்தில் புதிய படகுத்துறைத் திறப்பு விழாவாம்! பின்னணியில் வண்ணக் கொடி கட்டி நிற்க ஒரு கப்பல் வேண்டுமாம்! நாங்கள் கொடியைக் கட்டிக்கொண்டு நின்றோம். அதோடு அந்தப் பருவம் முடிந்துபோயிற்று. மேற்குப் பகுதியில் ஒரு கோடுகூட ஓடவில்லை.

சரி, ஓடவில்லை என்றாவது சொன்னார்களா? அறிக்கை அச்சாகி வந்தது. உள்ளே வழவழப்பான தாளில் வரைபடம். திமிங்கலம் நிறைய இருக்கும் இடம் கருநீலம். குறைவாக இருக்கும் இடம் வெளிர்நீலம். ஒன்றுமே இல்லாத வடக்கு, வெள்ளை. யாருமே போய்ப் பார்க்காத மேற்கு? அதுவும் வெள்ளை! நண்பர்களே, அதே வெள்ளை!

அந்தப் படத்தைப் பார்த்ததும் அவர் நேராக அலுவலகத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். மூன்றாவது மாடி, படம் வரையும் பிரிவு. அங்கே இருந்தவர் நல்ல பிள்ளைதான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"வெள்ளைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே மேடம் அர்த்தம்? மேற்குக்கும் உங்க ஷீட்டுல ஒண்ணும் இல்லையே."

"தம்பி, போய்ப் பாத்துட்டு இல்லைன்னு சொல்றது வேற. போகவே இல்லைங்கறது வேற. கதவைத் திறந்து பாத்தா வீட்ல ஆள் இருக்காங்களா இல்லையான்னு தெரியும். கதவையே திறக்காம வீடு காலின்னு எழுதிட்டீங்களே."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"மேற்குல சாம்பல் கலர்ல கோடு அடிச்சு, பார்க்கப்படவில்லைன்னு போடுங்க."

"மேல கேக்கணும் மேடம்."

மேலே போனோம். நான்காவது மாடியில், "அப்படிப் போட்டா நாம வேலையே பார்க்கலைன்னு ஆயிடாதா?" என்றார்கள். ஐந்தாவது மாடியில், "படிக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும், மூணு கலர் போதும்" என்றார்கள். ஆறாவது மாடியில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏற்கெனவே இதயம் பலவீனமான ஒருவர், ஒரு வெள்ளை நிறத்தைச் சாம்பல் நிறமாக மாற்றுவதற்காக எத்தனை முறை அந்தப் படிக்கட்டை ஏறி இறங்கினார் தெரியுமா? எனக்குத் தெரியும். கூடவே ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "ஏறுங்க, ஏறுங்க" என்பார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நினைக்கிறீர்களா? ஒரு நிறத்துக்காகவா இத்தனை பாடு? சொல்கிறேன். சரக்குக் கப்பல் பாதைக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெரிய கப்பல்கள் எந்த வழியாக முழு வேகத்தில் போகலாம் என்று முடிவு செய்வது அவர்கள்தான். அவர்கள் கையில் இந்த வரைபடம் போயிருக்கிறது. மேற்கே வெள்ளை, ஆகவே மேற்கே திமிங்கலம் இல்லை, ஆகவே அந்த வழியாகப் போகட்டும், வேகக் கட்டுப்பாடு எதற்கு? இப்படித்தான் வரைவு தயாராகியிருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்து ஆகிவிடும். ஆழத்திலிருந்து மேலே வந்த பெருந்தலை, மூச்சு வாங்கிக்கொண்டு மரக்கட்டை மாதிரி அப்படியே மிதக்கும். மலை மாதிரி வருகிற கப்பலுக்கு அது கண்ணிலேயே படாது. அப்படி அடிபட்டு முதுகு பிளந்து கரை ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கோட்டம்மா அதன் பக்கத்தில் நின்று அளவு எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

நான் அவரை மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் பட்ட பாட்டையெல்லாம் என்னிடம் கொட்டினார்.

"வீட்டுச் சாவி காணாமப் போனா நாம என்ன செய்வோம்? அங்க இங்க தேடுவோம். இவ வீட்டைப் பட்டை பட்டையாப் பிரிச்சு இந்த மூலையில இருந்து வருவா. நான், 'ஃபிரிட்ஜ் மேல பாத்தியா'ன்னு கேட்டா, 'அது வேற பகுதி, இன்னும் வரலை'ம்பா. பஸ் போயிடும். சாவி என் பையில இருக்கும்."

படுக்கையிலிருந்து அவர் சொன்னார்: "உங்க பையை மட்டும் நான் பிரிச்சதே இல்லை. அது என் தப்புதான்."

சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த வரைபடத்தை எடுத்தார். மேற்குப் பகுதிக்குக் கோடு வரைந்து வைத்திருந்தார். தொடங்கும் இடத்துக்குச் சீட்டு எழுதி மாத்திரை டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஊசி போட வந்த நர்ஸிடம் நீட்டினார்.

"ஒண்ணு எடும்மா."

"எடுத்தா எனக்கு என்னம்மா பரிசு?"

"கடல்ல ஒரு இடம்."

நர்ஸ் எடுத்துக் கொடுத்த சீட்டைப் பார்த்து வரைபடத்தில் புள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அங்க திமிங்கலம் இருக்கணும்னு ஆசைப்பட்டுக்கிட்டுப் போகாதீங்க. ஆசைப்பட்டா ஒவ்வொரு அலை நுரையும் அது விடற மூச்சாத் தெரியும். உங்களுக்கும் எல்லாச் சத்தமும் தட்டற மாதிரியே கேக்கும். சும்மா போயிட்டு வாங்க."

அவர் கப்பலுக்காக அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. டீசல் இல்லை. கப்பலுக்கு வேறு வேலை இருக்கிறது. அடுத்த பருவத்தில் பார்க்கலாம். அடுத்த பருவம் வரும்போது பாதையில் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவர் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. அவர் மூச்சும் நின்றுவிட்டது.

இப்போது கேளுங்கள். இந்தக் கூட்டம் தொடங்கியதும் தலைவர் அவர்கள் ஓர் அறிவிப்பைப் படித்தார். மறைந்த மாமேதைக்குக் கடலிலேயே அஞ்சலி செலுத்த நம் ஆய்வுக் கப்பல் நினைவுப் பயணம் போகிறதாம். கிழக்குப் பகுதிக்குப் போகிறதாம். ஏன் கிழக்கு? அங்கேதான் திமிங்கலம் நிச்சயமாகத் தென்படுமாம்! தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்களாம்! திமிங்கலம் தெரிந்ததும் மலர்வளையத்தைத் தண்ணீரில் விடுவார்களாம்!

எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை, மன்னியுங்கள். உயிரோடு இருந்தபோது அவர் கேட்டார், டீசல் இல்லை. செத்துப்போனதும் டீசல் எங்கிருந்து வந்தது? அவர் கேட்டபோது கப்பலுக்கு ஓய்வில்லை. இப்போது மட்டும் எப்படி ஓய்வு கிடைத்தது? மீன் கடை வாசலில் நின்று காக்காய் எண்ணாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்தியவரை, கடைசியில் மீன் கடை வாசலுக்கே தூக்கிக்கொண்டு போகிறீர்களே! இது அஞ்சலியா? அவர் சொன்னது ஒன்றுகூட உங்கள் காதில் ஏறவில்லையா?

இந்தப் பயணத்துக்கு அவர் கணவரை முதல் ஆளாக அழைத்திருக்கிறார்கள். காலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படித்து ஒதுக்கிய அழைப்பிதழ் மேசை மேல் கிடந்தது. அவர் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

"பூ போடறதுக்குன்னா நான் வரலைப்பா. அவ திட்டுவா. அந்த மேற்குப் பக்கம் போறதா இருந்தா சொல்லு. நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன், யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன். நானும் பாத்ததைச் சத்தம் போட்டுச் சொல்லிட மாட்டேன்."

கூட்டத்துக்கு வரும் வழியில் கேப்டனையும் கேட்டேன். "டேங்கு நிரப்பச் சொல்லிட்டாங்க, நிரப்பியாச்சு. கிழக்குக்குப் போற எண்ணெய் மேற்குக்கும் போதும்" என்றார். ஒலிவாங்கிக் கம்பியை நேற்றுதான் சுற்றிச் சரிபார்த்தேன். பார்வைக் குழு இரண்டும் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கோடு தயார், தொடங்கும் புள்ளி தயார். பாதைக் குழு கையெழுத்துப் போடுவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம்.

ஆகவே அவர் குழுவின் சார்பில் எங்கள் உறுதிமொழியைச் சொல்கிறேன். அவர் வரைந்த கோட்டில் போவோம். கோட்டை விட்டு விலக மாட்டோம். பார்த்ததைப் பார்த்தோம் என்போம், கேட்டதைக் கேட்டோம் என்போம். ஒன்றுமே இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அப்போது அந்தப் பாதையில் உங்கள் கப்பல்கள் தாராளமாகப் போகட்டும், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். அந்த வெள்ளையை அப்போது நாங்களே அடித்துத் தருகிறோம்.

மேற்கே திமிங்கலம் இருக்கிறது என்று நான் இந்த மேடையில் சொன்னால் உங்களில் பாதிப் பேர் உருகிப்போய் உடனே கப்பலைக் கொடுக்கச் சொல்வீர்கள். அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் சொல்ல மாட்டேன். இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருபது வருடம் இந்தக் கடலையே சுற்றிய அவருக்கும் தெரியாது. தெரியாமலேயே செத்துப்போனார். என்னால் தாங்கிக்கொள்ள முடியாதது அதுதான்.

இயக்குநர் ஐயா, அடுத்து நீங்கள் பேசப் போகிறீர்கள். உங்கள் சட்டைப் பையில் நான்கு பக்கம் மடித்து வைத்திருக்கிறீர்கள். நல்ல தமிழில் உருக்கமாக எழுதியிருப்பீர்கள், சந்தேகமில்லை. அதை வெளியே எடுக்க வேண்டாம். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட நீங்கள் சொல்ல வேண்டாம். மேற்குக்குக் கப்பல் எந்தக் கிழமை கிளம்புகிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கணவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதோ மைக். நான் இறங்கவில்லை, இங்கேயே நிற்கிறேன்.